ஒரே கையெழுத்து, ஏழு வேலைகள்: பிறந்த குழந்தைக்கான வழக்கமான சிகிச்சைகள், ஒவ்வொன்றாக ஒரு மதிப்பீடு

பிரசவத்துக்குச் சேரும்போது நீட்டப்படும் காகிதக் கட்டில் ஒரு தாள் குழந்தைக்கானது. "பிறந்த குழந்தைக்கான வழக்கமான பராமரிப்புக்குச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி, அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்த ஒரு வரிக்குள் ஒன்றுக்கொன்று உறவில்லாத ஆறேழு வேலைகள் அடங்கியிருக்கின்றன: வைட்டமின் கே ஊசி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான தடுப்பூசி, கண் களிம்பு, குதிகால் ரத்தப் பரிசோதனை, கேட்புத்திறன் சோதனை, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சோதனை, காசநோய் அதிகமுள்ள இடங்களில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி. இவற்றில் சில மருந்து, சில தடுப்பூசி, மற்றவை வெறும் சோதனை. மொத்தமாகச் சம்மதித்தால் பெரிய நஷ்டம் எதுவும் வராது. மொத்தமாக மறுத்தால் வரும். அதனால்தான் ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து மதிப்பெண் போட வேண்டியிருக்கிறது.

எதை வைத்து மதிப்பெண் என்றால்: தடுக்கப்படும் கெடுதல் எவ்வளவு பெரியது, முடிவெடுக்க எவ்வளவு நேரம் இருக்கிறது, செய்பவர் கை தவறினால் பலன் எவ்வளவு கெடும். இந்த மூன்றாவது கேள்வியைப் பெற்றோர் கேட்பதே இல்லை. "போடலாமா வேண்டாமா" என்று மாதக்கணக்கில் யோசிப்பவர்கள் "எப்படிப் போடப் போகிறீர்கள்" என்று ஒரு முறைகூட விசாரிப்பதில்லை.

வைட்டமின் கே: 10-க்கு 10

முதலிடம் இதற்குத்தான், போட்டியே கிடையாது. ரத்தம் உறைய உதவும் 2, 7, 9, 10 ஆகிய எண்களுள்ள காரணிகளைக் கல்லீரல் முழுமையாக்க வைட்டமின் கே வேண்டும். நஞ்சுக்கொடி வழியாக அது மிகக் கொஞ்சமே கடந்து வருகிறது. அதைத் தயாரிக்கும் குடல் கிருமிகள் குழந்தையின் வயிற்றில் இன்னும் குடியேறவில்லை. தாய்ப்பாலில் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான் இருக்கும். அம்மா வழக்கமாகச் சாப்பிடுவதில் கீரையைக் கூட்டினாலும் அந்த அளவு பெரிதாக ஏறாது. தாய்ப்பாலின் தரத்தில் குறை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் இயல்பே அப்படி.

குறைபாட்டால் வரும் ரத்தக்கசிவு மூன்று காலகட்டங்களில் வரும். முதல் 24 மணி நேரத்தில் வருவது பெரும்பாலும் அம்மா வலிப்பு மருந்து, காசநோய் மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றைச் சாப்பிட்டிருந்தால். இதைப் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். 2 முதல் 7 நாளுக்குள் வருவது தொப்புள், குடல், மூக்கு வழியாகத் தெரியும். மூன்றாவதுதான் பயங்கரமானது: முதல் வாரம் தாண்டி ஆறு மாதம் வரை, நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் திடீரென்று வரும். ஊசி போடாத குழந்தைகளில் ஒரு லட்சத்துக்கு 4 முதல் 7 பேருக்கு இது வரும் என்பது கணக்கு. எண் சின்னதுதான். ஆனால் அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தம் கசிவது மூளைக்குள். ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டால், போடாதவர்களுக்கு இந்த அபாயம் 81 மடங்கு. ஒரே ஒரு ஊசி இந்த அளவுக்கு வித்தியாசம் காட்டுவது மருத்துவத்திலேயே அபூர்வம்.

செய்முறை: நிறைமாதக் குழந்தைக்கு 1 மி.கி., தொடையின் முன்பக்க வெளிப்புறத் தசையில். புட்டத்தில் போடக் கூடாது. அங்கே பெரிய நரம்பு ஓடுகிறது. 1.5 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு எடையைப் பார்த்துக் குறைப்பார்கள். பிறந்த 6 மணி நேரத்துக்குள் போட்டால் போதும். ஆகவே பிறந்த மறு நிமிடமே குழந்தையை அம்மாவின் நெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசரம் இதில் இல்லை. முதல் ஒரு மணி நேரம் தோலோடு தோல் ஒட்டிக் கிடந்து பால் குடிக்கட்டும். குடித்துக்கொண்டிருக்கும்போதே போடச் சொல்லுங்கள், அழுகையும் குறையும்.

எங்கே தவறும்? ஆம்பூலில், அதாவது மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியில். குழந்தைகளுக்கான ஆம்பூல் ஒரு அடர்த்தி, பெரியவர்களுக்கானது வேறு. 1 மி.லி.யில் 10 மி.கி. உள்ள ஆம்பூல் மட்டும்தான் கையில் இருந்தால், குழந்தைக்கு வேண்டியது 0.1 மி.லி. சிரிஞ்சில் ஒரு கோடு பிசகினால் அளவே மாறிப்போகும். இன்னொரு தவறு இதைவிட மோசம்: அம்மாவுக்கு ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மெத்தில்எர்கோமெட்ரின் மருந்தும் அதே போன்ற சின்ன ஆம்பூல்தான், அதே அறையில், சில நேரம் அதே தட்டில் இருக்கும். இது குழந்தைக்கு மாறிப் போய், மூச்சுத் திணறலும் வலிப்பும் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நல்ல பிரசவ அறைகளில் அம்மாவின் மருந்துத் தட்டும் குழந்தையின் தட்டும் தனித்தனி. ஆம்பூலில் உள்ள பெயரை ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார். "பெயரைப் படித்துக் காட்டுங்கள்" என்று அப்பா கேட்டால் எந்த நல்ல நர்ஸும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இணையத்தில் சுற்றும் பயங்கள் மூன்று. புற்றுநோய்: 1992-ல் பிரிட்டனில் வந்த ஒரு ஆய்வு, ஊசிக்கும் குழந்தைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்றது. பிறகு பல நாடுகளில் அதைவிடப் பெரிய எண்ணிக்கையில் தேடியும் அந்தத் தொடர்பு உறுதியாகவில்லை. ஆய்வு வந்த கதை பரவியது, அது நிற்காமல் போன கதை பரவவில்லை. இரண்டாவது, மருந்துத் தாளில் கடும் அபாயத்தைச் சொல்ல அச்சிடப்படும் கறுப்புக் கட்ட எச்சரிக்கை. அதில் சொல்லப்படும் கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் நரம்பு வழியாக வேகமாக ஏற்றப்பட்டவர்களுக்கு வந்தது. குழந்தையின் தொடைத் தசையில் போடும்போது அது மிக மிக அரிது. மூன்றாவது, பென்சைல் ஆல்கஹால் என்ற பதப்படுத்தி. இது இல்லாத தயாரிப்பும் உண்டு. கவலை இருந்தால் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே கேட்டு வரவழைக்கச் சொல்லலாம். பிரசவ அறையில் கேட்டால் கிடைக்காது.

வாய்வழிச் சொட்டு மருந்து மாற்றாகுமா? அரை மாற்று. 2 மி.கி. வீதம் மூன்று தவணை என்பது பரவலான முறை: பிறந்தவுடன், முதல் வாரத்தில், பிறகு 4 முதல் 6 வாரத்துக்குள். கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கக்கிவிட்டால் திரும்பக் கொடுக்க வேண்டும். சிக்கல் எங்கே என்றால், கொழுப்பில் கரையும் இந்த வைட்டமின் குடலில் உறிஞ்சப்படப் பித்தநீர் வேண்டும். பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த குழந்தைக்கு அது போய்ச் சேராது. தாமதமாக ரத்தம் கசியும் அபாயம் அதிகமுள்ள குழந்தையும் அதுவேதான். அந்த அடைப்பு முதல் வாரங்களில் வெளியே தெரியாது. குறைமாதக் குழந்தைக்கும், மேலே சொன்ன மருந்துகளைச் சாப்பிட்ட அம்மாவின் குழந்தைக்கும் சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் அந்த வழியில் போனால் மூன்றாவது தவணைக்கு இன்றே போனில் அலாரம் வைத்துக்கொள்ள வேண்டும். தவறுவது பெரும்பாலும் அதுதான்.

தொப்புள்கொடியை நிதானமாக வெட்டினால் ஊசி தேவையில்லை என்றும் ஒரு பேச்சு. ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்து வெட்டுவது மிக நல்ல பழக்கம். அதில் கிடைப்பது கூடுதல் ரத்தமும் இரும்புச் சத்தும். அம்மாவின் ரத்தத்திலிருந்தே சரியாகக் கடக்காத வைட்டமின், கொடியில் மிச்சமிருக்கும் ரத்தத்தில் மட்டும் எங்கிருந்து வரும்?

குதிகால் ரத்தப் பரிசோதனை: யோசனைக்கு 10, செய்முறைக்கு 5 முதல் 9 வரை

மதிப்பெண்ணில் இத்தனை இடைவெளி விட்டதற்குக் காரணம், இந்தப் பட்டியலில் கைப்பக்குவத்தைப் பொறுத்துப் பலன் மாறுவது இதில்தான் அதிகம்.

அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கத்ரி 1960-களின் தொடக்கத்தில், காகிதத்தில் உலர்த்திய ஒரு துளி ரத்தத்திலேயே ஃபீனைல்கீட்டோனூரியாவை (புரதத்தில் உள்ள ஒரு அமினோ அமிலத்தை உடம்பு உடைக்க முடியாத பிறவி நோய்) கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். இன்று அதே காகிதத்தில் சில இடங்களில் மூன்று நான்கு நோய்கள், சில இடங்களில் ஐம்பதுக்கு மேல் பார்க்கிறார்கள். "ஸ்கிரீனிங் செய்தாச்சு" என்ற பதிலோடு நின்றுவிடாமல் எந்தெந்த நோய்கள் என்ற பட்டியலை வாங்குங்கள். ஒரே ஒரு நோய்தான் பார்க்க முடியும் என்றால் அது பிறவித் தைராய்டு குறைபாடாக இருக்கட்டும். 2,000 முதல் 4,000 பிறப்புக்கு ஒன்று. பிறக்கும்போது குழந்தை அழகாக, சாதாரணமாகவே இருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் தினமும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க ஆரம்பித்தால் மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். மாதங்கள் கழித்து முகத்தையும் நாக்கையும் பார்த்துக் கண்டுபிடித்தால், மூளை இழந்தது திரும்பி வராது.

எப்போது எடுப்பது: 24 மணி நேரம் முடிந்த பிறகு, முடிந்தவரை 72 மணி நேரத்துக்குள். (சில நாடுகளில் 5-ஆம் நாள்.) 24-க்கு முன் எடுத்தால் இரண்டு விதமாகத் தப்பும். பிறந்ததும் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் இயல்பாகவே துள்ளி ஏறும். இல்லாத தைராய்டு நோய் இருப்பதாகக் காட்டும். போதுமான பால் உள்ளே போகாததால் அமினோ அமிலங்கள் சேர்ந்திருக்காது. இருக்கும் நோய் இல்லாததாகக் காட்டும். சீக்கிரமே டிஸ்சார்ஜ் என்றால், கிளம்பும்முன் ஒரு முறை எடுத்துவிட்டு, சில நாளில் வந்து மறுபடி எடுக்க வேண்டும். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் குழந்தைக்கு, ஏற்றும்முன் மாதிரி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சோதிக்கப்படுவது தானம் கொடுத்தவரின் ரத்தம்.

எடுப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். குதிகாலை வெதுவெதுப்பான துணியால் 3 முதல் 5 நிமிடம் சூடாக்க வேண்டும். கால் நெஞ்சைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். குத்தும் இடம் குதிகாலின் இரு ஓரங்கள். நடுவில் குத்தினால் எலும்பு படும். துடைத்த ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்த பிறகே குத்த வேண்டும், ஆழம் 2 மி.மீ. தாண்டக் கூடாது. முதல் துளியைப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். அடுத்த துளி உருண்டு, விழப்போவது மாதிரி தொங்கும் வரை காத்திருந்து, காகிதத்தின் வட்டத்தை அதன் மேல் லேசாகத் தொட வைத்தால் ரத்தம் தானாக உறிஞ்சப்பட்டு பின்பக்கமும் அதே அளவு வட்டமாகத் தெரியும். அதுதான் நல்ல மாதிரி. வட்டம் நிரம்பவில்லையே என்று அதன் மேலேயே இன்னொரு துளி வைப்பது, பின்பக்கத்திலிருந்து ஒட்டுப்போடுவது, குதிகாலைப் பிசைந்து பிழிவது எல்லாமே ஆய்வகத்தில் "மாதிரி சரியில்லை" என்று திரும்பி வரும். பிழிந்தால் ரத்தத்தோடு திசுநீரும் கலந்து அளவு நீர்த்துப்போகும். குழந்தைக்கு இன்னொரு குத்தும், ஒரு வார இழப்பும் மிச்சம்.

பிறகு காகிதத்தைப் படுக்கை வாட்டில், ஒன்றோடொன்று ஒட்டாமல், வெயிலோ ஹீட்டரோ படாமல் குறைந்தது 3 மணி நேரம் உலர்த்த வேண்டும். சூடும் ஈரமும் சேர்ந்தால் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு, கேலக்டோசீமியா (பால் சர்க்கரையில் ஒரு பகுதியை உடம்பு உடைக்க முடியாத நோய்) சோதனைகளுக்கான நொதிகள் அழிந்துவிடும். அன்றோ மறுநாளோ ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். "பத்துப் பதினைந்து சேர்ந்ததும் மொத்தமாக அனுப்புவோம்" என்று சொல்லும் இடத்துக்கு 5 மதிப்பெண்ணே தாராளம். அட்ரினல் சுரப்பிக் குறைபாட்டின் உப்பிழப்பு வகை, முதல் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் குழந்தையை அதிர்ச்சி நிலைக்குத் தள்ளிவிடும். முடிவு மூன்றாவது வாரம் வந்து என்ன பயன்?

திரும்பக் கூப்பிட்டால் இடிந்து போக வேண்டாம். இது நோயை உறுதி செய்யும் சோதனை இல்லை, வலைவீச்சு. கூப்பிடப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு மறுசோதனையில் ஒன்றும் இருக்காது. அதற்காகத் தள்ளிப்போடவும் கூடாது. கூப்பிட்ட அன்றே போங்கள். கூப்பிடாமல் இருப்பதை "எல்லாம் சரி" என்று எடுத்துக்கொள்வதும் தப்பு. மாதிரி தொலைந்திருந்தாலும் யாரும் கூப்பிட மாட்டார்கள். காகிதத்தில் எழுதப்படும் போன் எண் நீங்கள் எடுக்கும் எண்தானா என்று பார்த்துவிட்டு, இரண்டு வாரத்தில் முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

குழந்தையின் மரபுத் தகவல் எங்கே போகிறது என்ற கவலை நியாயமானது. மிச்ச ரத்தம் எத்தனை காலம் வைக்கப்படும், ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்களா, அழிக்கச் சொல்ல வழி உண்டா என்று எழுத்தில் கேட்கலாம். அந்தப் பதிலுக்காகச் சோதனையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

ஹெபடைடிஸ் பி, முதல் டோஸ்: 9

"பாலுறவில் பரவும் நோய்க்குப் பிறந்த குழந்தைக்கு எதற்கு ஊசி?" இந்தக் கேள்விக்கு ஒரு எண்ணில் பதில் சொல்லலாம். பெரியவருக்கு இந்தக் கிருமி வந்தால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். பிறப்பின்போது வந்தால் 90 சதவீதம் பேருக்கு ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் பல பத்தாண்டு கழித்து வந்து நிற்கலாம். உலக சுகாதார நிறுவனம் எல்லாக் குழந்தைக்கும் 24 மணி நேரத்துக்குள் முதல் டோஸ் என்று சொல்வது இதனால்தான். தைவான் 1984-ல் இந்தத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு அங்கே குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோய் குறைந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைக் குறைத்ததற்கு முதல் பெரிய சான்று அது.

அம்மாவின் சோதனை முடிவில்தான் முழு அவசரமும். பாசிட்டிவ் என்றால் 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் 0.5 மி.லி. இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார் எதிர்ப்புப் பொருள்). அந்த இரண்டாவது மருந்து எல்லா மருத்துவமனையிலும் எப்போதும் இருக்காது. நள்ளிரவில் தேடி அலையாமல் 36-ஆம் வாரமே இருப்பு வைக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் போட்டால் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். எல்லா டோஸும் முடிந்தபின் 9 முதல் 12 மாதத்துக்குள் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. பலர் மறந்துவிடும் படி இது.

அம்மா நெகட்டிவ் என்றால் தள்ளிப்போடலாமா? அபாயம் குறைவுதான், பூஜ்யம் இல்லை. சோதனைக்குப் பிறகு தொற்றியிருக்கலாம், தாளில் முடிவு மாற்றி எழுதப்பட்டிருக்கலாம், வீட்டில் வேறு யாருக்காவது தெரியாமல் இருக்கலாம். இந்தக் கிருமி உடம்புக்கு வெளியே 7 நாள் வரை உயிரோடு இருக்கும். தடுப்பூசியின் பக்கவிளைவு தொடை வலியும் லேசான காய்ச்சலும். கடும் ஒவ்வாமை பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில். தட்டில் வைத்து எடை போட்டால் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிகிறது. 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பிறந்தவுடன் போட்டது டோஸ் கணக்கில் சேராது. பின்னால் மூன்று டோஸ் முழுதாக வேண்டும். ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துபோன மருந்து வீண். 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா என்பது கேட்கக்கூடிய கேள்விதான்.

கண் களிம்பு: 5

பட்டியலிலேயே குறைந்த மதிப்பெண். காரணம் களிம்பு கெட்டது என்பதில்லை, காலம் மாறிவிட்டது.

1880-களில் ஜெர்மன் மருத்துவர் கார்ல் கிரெடே, பிறந்த குழந்தையின் கண்ணில் 2 சதவீத வெள்ளி நைட்ரேட் சொட்டு விட ஆரம்பித்தார். பாலுறவில் பரவி, பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றும் கொனோரியா கிருமியால் கண் இழந்த குழந்தைகள் அன்று ஏராளம்; அவருடைய மருத்துவமனையில் அந்தத் தொற்று பத்தில் ஒன்று என்பதிலிருந்து நூற்றில் ஒன்றுக்கும் கீழே வந்தது. இன்று பயன்படுவது 0.5 சதவீத எரித்ரோமைசின் அல்லது 1 சதவீத டெட்ராசைக்ளின். இரண்டு கண்ணிலும் கீழ் இமையை இழுத்து உள்ளே 1 செ.மீ. நீளத்துக்குக் களிம்பு, ஒரு நிமிடம் கழித்து வழிந்ததை மட்டும் துடைக்கலாம், கழுவக் கூடாது.

கொனோரியா இன்றும் 24 மணி நேரத்தில் விழிப்படலத்தை ஓட்டையாக்கும் ஆற்றல் உள்ளதுதான். ஆனால் அந்தக் கிருமி எரித்ரோமைசினுக்கு முன்புபோல் மசிவதில்லை. அதேபோல் பரவும் இன்னொரு கிருமியான கிளமிடியாவை இந்தக் களிம்பு நம்பும்படித் தடுப்பதும் இல்லை. அம்மாவுக்குக் கர்ப்பத்திலேயே சோதித்து மருந்து கொடுத்துவிடுவது இதைவிடச் சிறந்த காவல். கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல், எல்லோருக்கும் போடத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்காவும் இன்னும் போடச் சொல்கின்றன. சோதனையே நடக்காத அம்மாக்கள் நிறைய இருக்கும் இடத்தில் அது நியாயம். ஆகவே: கர்ப்பத்தில் கொனோரியா, கிளமிடியா இரண்டுக்கும் சோதனை நடந்து நெகட்டிவ் தாள் கையில் இருந்தால், இதை மறுப்பது விவாதிக்கக்கூடிய முடிவு, சில இடங்களில் சட்டமே கட்டாயமாக்கியிருப்பதால் அதையும் விசாரிக்க வேண்டும். தாள் இல்லையென்றால் போட்டுவிடுங்கள். சில மணி நேரம் மங்கலாகத் தெரியும், இமை சற்றே வீங்கலாம், அவ்வளவுதான். அதற்கு முன் முதல் ஒரு மணி நேரம் அம்மா முகத்தைப் பார்க்க விட்டுவிடலாம். போட்டாலும் போடாவிட்டாலும், முதல் இரண்டு வாரத்தில் சீழும் இமை வீக்கமும் வந்தால் அன்றே டாக்டர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தொப்புளில் தடவ சில இடங்களில் 7.1 சதவீத குளோர்ஹெக்சிடின் தருகிறார்கள். அதன் குப்பி கண் சொட்டு மருந்துக் குப்பி மாதிரியே இருக்கும். அதைக் கண்ணில் விட்டுப் பார்வை பாதிக்கப்பட்ட குழந்தைகள் உண்டு. கண்ணுக்கான எதையும் தொப்புளுக்கான எதையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

பிசிஜி: காசநோய் அதிகமுள்ள இடத்தில் 8, மற்ற இடத்தில் பேச்சே இல்லை

சின்னக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும், உடம்பு முழுக்கப் பரவும் வகையையும் தடுப்பதுதான் இதன் வேலை. 0.05 மி.லி., தோலுக்குள்ளேயே, வழக்கமாக இடது மேல்கையில். சரியாகப் போட்டால் ஆரஞ்சுத் தோல் போல் புள்ளி புள்ளியாக ஒரு வெளிறிய மேடு எழும். எழாமல் மருந்து உள்ளே போய்விட்டால் ஆழம் தவறிவிட்டது. அக்குளில் நெறி கட்டவோ சீழ் பிடிக்கவோ வாய்ப்புக் கூடும். கலக்கிய குப்பி 6 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இரண்டு முதல் ஆறு வாரத்தில் பருவாகி, உடைந்து, ஆறித் தழும்பாகும். களிம்பு, பஞ்சு, மருந்து எதுவும் வேண்டாம், உடைத்துப் பிதுக்கவும் வேண்டாம். குடும்பத்தில் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு இருந்தால் போடும்முன் சொல்லியே ஆக வேண்டும். இது உயிருள்ள கிருமி.

இரண்டு வலியில்லாச் சோதனைகள்

பல்ஸ் ஆக்சிமீட்டர்: பிறவி இதயக் குறைகளைத் தேடும் சோதனை. 24 மணி நேரத்துக்குப் பிறகு வலது கையிலும் ஏதாவது ஒரு காலிலும். வலது கை என்பது ஏனென்றால், பிறந்ததும் மூட வேண்டிய ரத்தக்குழாய் இணைவதற்கு முன்பே அந்தக் கைக்கான கிளை பிரிந்துவிடுகிறது; இடது கையில் மாட்டி எடுத்த எண்ணை ஏற்காதீர்கள். ஆக்சிஜன் அளவு இரண்டிலும் 95 சதவீதத்துக்குக் குறையாமல், வித்தியாசம் 3-க்கு மேற்படாமல் இருந்தால் தேர்ச்சி. 90-க்குக் கீழே என்றால் உடனே பரிசோதனை. இடைப்பட்டது என்றால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. சில்லிட்ட பாதமும் உதைக்கும் காலும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். கறுத்த தோலில் கருவி சற்றுக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. விளிம்பில் நிற்கும் எண்ணை "பரவாயில்லை" என்று விடக் கூடாது. பெருந்தமனிச் சுருக்கத்தை இது தவறவிடலாம், அதனால் தொடையில் நாடி பார்ப்பதை இது ஒழித்துவிடவில்லை. மறுக்க ஒரு காரணமும் தேட முடியாத சோதனை: இரண்டு நிமிடம், ஒரு ஒட்டுப்பட்டி.

கேட்புத்திறன்: ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று குழந்தைக்குப் பிறவிக் கேட்புக் குறை. 1-3-6 என்று நினைவில் வையுங்கள்: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்றுக்குள் உறுதி, ஆறுக்குள் கருவியோ பயிற்சியோ. முதல் நாளே எடுத்தால், பிறக்கும்போது உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவு காதுக்குள் இருந்து தடுத்துத் தோல்வி காட்டலாம். பால் குடித்துத் தூங்கும்போது இரண்டாம் நாள் எடுப்பது நல்லது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு, காதில் மட்டும் பார்க்கும் ஓஏஇ போதாது. நரம்பையும் பார்க்கும் ஏபிஆர் கேளுங்கள். இரண்டாவது முறையும் தோற்றால், பிறவிக் கேட்புக் குறைக்கு ஒரு காரணமான சைட்டோமெகாலோ வைரஸுக்கான சோதனையை மூன்று வாரத்துக்குள் செய்துவிட வேண்டும். அதன் பிறகு கிருமி பிறப்புக்கு முன் வந்ததா பின் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மறுப்பதென்றால்

பிரசவ வலியில் இருப்பவரிடம் இதையெல்லாம் பேச முடியாது. 34 முதல் 36-ஆம் வாரத்துக்குள் டாக்டரிடம் பட்டியலை வைத்து, எது சம்மதம், எது வேண்டாம், எது தள்ளிப்போடுகிறோம் என்று தனித்தனியாக எழுதி கேஸ் ஷீட்டில் ஒட்டச் சொல்லுங்கள். வலிதான் தயக்கம் என்றால், பால் குடிக்கும்போதே ஊசியும் குத்தலும். அது முடியாதபோது 24 சதவீதச் சர்க்கரைக் கரைசல் இரண்டு நிமிடம் முன்பு நாக்கில். குழந்தை முகம் சுளிப்பதோடு நிற்கும்.

போட்ட ஒவ்வொன்றின் பெயர், பேட்ச் எண், நேரம் டிஸ்சார்ஜ் தாளில் இருக்க வேண்டும். போடாதவையும் இருக்க வேண்டும். அதிலும் வைட்டமின் கே மறுத்தவர்கள் அடுத்த ஆறு மாதம் இதைக் கவனிக்க வேண்டும்: எங்கும் இடிபடாமல் தோலில் நீலம், மூக்கிலோ தொப்புளிலோ சொட்டு ரத்தம், கறுத்த மலம், இரண்டு வாரம் தாண்டியும் போகாத மஞ்சள், வெளிறிய மலம், எழுப்பினாலும் எழாத தூக்கம், விடாத வாந்தி, புடைத்த உச்சிக்குழி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவில் முதலில் பார்க்கும் டாக்டருக்கு, அவர் ரத்தம் எடுக்கும் முன், எந்தச் சின்ன அறுவை சிகிச்சைக்கும் முன், "வைட்டமின் கே போடவில்லை" என்று சொல்லுங்கள். அவர் அதைத் தானாக ஊகிக்க மாட்டார். எல்லாக் குழந்தைக்கும் போட்டிருப்பார்கள் என்றே நினைப்பார்.